மின்தடையும் நினைவும்

வரலாறு என்னும் சொல்லைக் கேட்டவுடன் முடிமன்னரும் போர்க்களமும் கோட்டை கொத்தளங்களும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. வீட்டு மேசைக்கடியில் ஓசையின்றிக் கிடக்கும் ஒரு சிறு பெட்டிக்கும் வரலாறு உண்டென்று கூறினால் உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். எனினும் அந்தப் பெட்டியின் கதையில் பட்டு நெசவு உண்டு. தந்தியும் தொலைபேசியும் உண்டு. நம் மாநிலத்து ஆறுகளும் அணைகளும் உண்டு. கணிப்பொறிக்குத் துணையாக வைத்துக்கொள்ளும் யு.பி.எஸ். என்னும் கருவியையே நான் குறிப்பிடுகின்றேன். தடையில்லா மின்வழங்கி என்று தமிழில் அதனை அழைக்கலாம்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தொடங்கிய பொதுமுடக்கத்திற்குப் பின்னர், வீட்டிலிருந்தே கணிப்பொறியில் தொழில் செய்வோர் சிற்றூர்களிலும் பெருகினர். "எத்தகைய யு.பி.எஸ். வாங்குவது?" என்று அவர்கள் என்னைக் கேட்பதுண்டு. கடைக்காரர் இதற்கு ஒரு விடை கூறுவார். வரலாறும் ஒரு விடை கூறுகின்றது. அவ்விரண்டாம் விடையையே இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

நான் வாழும் வெம்பாக்கம் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1989ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் வரை இப்பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. ஆரணிப் பட்டு என்று பெயர் பெற்ற சேலைகள் இவ்வட்டாரத்து நெசவாளர் கைகளில் உருவாகின்றன. இங்கே தறியைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு ஜக்கார்டு அட்டை புதிய பொருளன்று. தறியின் மேலே பெட்டி போன்ற ஓர் அமைப்பு இருக்கும். அதில் துளையிட்ட அட்டைகள் கயிற்றால் கோத்த மாலையைப் போலத் தொங்கும். நெசவாளர் மிதியை ஒருமுறை மிதித்தால் ஓர் அட்டை முன்வரும். அட்டையில் துளையுள்ள இடத்தில் ஊசி உட்புகும். அதற்குரிய பாவிழை மேலே எழும். துளையில்லாத இடத்தில் இழை எழாது. எழுந்த இழைகளுக்கும் எழாத இழைகளுக்கும் இடையே நாடா ஓடும். ஊடையிழை ஒன்று சேரும். இவ்வாறு அட்டை மேல் அட்டையாக நகர நகர, கரையில் அன்னமும் முந்தானையில் மயிலும் தோன்றும்.

இவ்வமைப்பை 1804ஆம் ஆண்டையொட்டி உருவாக்கியவர் பிரான்சு நாட்டு லியோன் நகரத்தவரான ஜோசப் மேரி ஜக்கார்டு என்பவர். அவருக்கு முன்னரே, 1725இல், அதே நகரத்தில் பசீல் பூஷோன் என்பவர் துளையிட்ட காகிதச் சுருளைத் தறியில் பயன்படுத்தியிருந்தார். இக்கருத்தின் பெருமை நெசவோடு நின்றுவிடவில்லை. இங்கிலாந்தில் சார்லசு பாபேஜ் தாம் வகுத்த கணக்குப் பொறிக்குக் கட்டளையிட இத்தகைய அட்டைகளையே பயன்படுத்த எண்ணினார். அமெரிக்காவில் ஹெர்மன் ஹாலரித் என்பவர் 1890ஆம் ஆண்டு மக்கட் கணக்கெடுப்பின் விவரங்களைத் துளையட்டைகளைக் கொண்டு தொகுத்தார். தறியும் கணிப்பொறியும் உறவுமுறையுடையவை என்று சொல்வது வெறும் அணிநயம் அன்று. அது வரலாற்று உண்மை.

இந்த உறவினர் இருவருக்கும் இடையே ஒரு பெரிய வேற்றுமை உண்டு. நெசவாளர் பாதிச் சேலையில் எழுந்து சென்று, பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தாலும், விட்ட இடத்தில் அதே அட்டை அவருக்காகக் காத்திருக்கும். இரவில் விளக்கு அணைந்தால் நெசவு நிற்கும்; சித்திரம் அழியாது. துளைகளின் நினைவுக்கு மின்சாரம் வேண்டியதில்லை. கணிப்பொறியின் நிலை அவ்வாறன்று.

முற்காலத்தில் சேலைச் சித்திரத்தைக் கட்டமிட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக வண்ணமிட்டு வரைந்தனர். பின்னர் அதைப் பார்த்து அட்டையில் துளையிட்டனர். இன்று அவ்வேலை பெரும்பாலும் கணிப்பொறித் திரையில் நடைபெறுகின்றது. எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் இத்தொழிலைச் செய்கின்றார். திருமணச் சேலை ஒன்றின் முந்தானையை ஒருநாள் பிற்பகல் முழுவதும் வரைந்துகொண்டிருந்தார். மாலையில் மின்சாரம் நின்றது; நின்றது இரண்டே நிமிடம். திரும்பி வந்தபோது திரையில் காலையில் சேமித்த பகுதி மட்டும் இருந்தது. மூன்று மணி நேர உழைப்பு மறைந்துவிட்டது. முகூர்த்த நாளைக் குறித்துவிட்ட வீட்டார்க்கும், அட்டைக்காகத் தறியை நிறுத்தி வைத்திருந்த நெசவாளர்க்கும் அந்த இரண்டு நிமிடம் ஒரு நாள் கூலியாக முடிந்தது.

கணிப்பொறி ஏன் இவ்வாறு மறக்கின்றது? தொடக்ககாலக் கணிப்பொறிகள் பலவற்றில், சிறுசிறு காந்த வளையங்களைக் கம்பியிற் கோத்து நினைவகம் அமைத்திருந்தார்கள். மின்சாரம் நின்றாலும் வளையத்தின் காந்தத்தன்மை நீங்காது. 1970ஆம் ஆண்டளவில் குறைக்கடத்தியால் ஆன நினைவகம் சந்தைக்கு வந்தது. அதில் ஒவ்வொரு செய்தித் துணுக்கும் மிக நுண்ணிய ஒரு மின்னேற்றமாக நிற்கின்றது. ஓட்டைக் குடத்து நீரைப்போல அது கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒரு விநாடிக்குப் பலமுறை அதனை நிரப்பிக்கொண்டே இருத்தல் வேண்டும். நிரப்பும் கை சற்றே ஓய்ந்தால் குடம் வெறுமையாகும். விலை மலிவையும் விரைவையும் பெற்ற மனிதன், அவற்றுக்கு ஈடாக நினைவின் உறுதியைக் கொடுத்துவிட்டான். வட்டில் எழுதிச் சேமித்தவை மட்டும் நிலைத்து நிற்கும். யு.பி.எஸ். என்னும் கருவியின் தேவை இங்கேதான் பிறக்கின்றது.

தேவை புதிதாயினும், அதற்கான மருந்து பழையது. இத்தாலிய அறிஞர் வோல்ட்டா 1800ஆம் ஆண்டில் முதல் மின்கல அடுக்கை உலகிற்கு அறிவித்தார். அதனைத் தீர்ந்தபின் மீண்டும் நிரப்ப இயலாது. 1859இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாந்தே ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய மின்கலத்தை உருவாக்கினார். அத்தகைய கலம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 வோல்ட் தரும். ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் 12 வோல்ட் கிடைக்கும். இன்று உங்கள் யு.பி.எஸ். பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் பிளாந்தேயின் கலத்தின் வழித்தோன்றலே. அமிலம் சிந்தாதவாறு அதனை மூடியிருக்கின்றனர்.

தடையின்றி மின்சாரம் வழங்கும் கலையை முதன்முதலில் நன்கு கற்றவர்கள் தொலைபேசித் துறையினர் எனலாம். சென்னை நகரில் 1882ஆம் ஆண்டு தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் ஒவ்வொரு தொலைபேசிக்கும் தனித்தனி மின்கலம் தேவைப்பட்டது. பின்னர் நிலையத்திலேயே பெரிய மின்கல அடுக்கை வைத்து, 48 வோல்ட் மின்னோட்டத்தைக் கம்பி வழியே எல்லா வீடுகளுக்கும் அனுப்பும் முறை உலகெங்கும் பரவிற்று. ஊரெல்லாம் இருண்டிருக்கும்போதும் கம்பித் தொலைபேசி மட்டும் பேசிக்கொண்டிருந்ததன் காரணம் இதுவே. பொது மின்சாரம் அந்த அடுக்கை நிரப்பும். அடுக்கு தொலைபேசியை இயக்கும். மின்சாரம் நின்ற கணத்தில் எதனையும் மாற்ற வேண்டியதில்லை. இம்முறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது மீண்டும் வரும்.

இனி, மின்சாரம் ஏன் நிற்கின்றது என்பதைக் காண்போம். சென்னையில் 1895ஆம் ஆண்டு மே மாதம் மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கிற்று. 1902இல் மைசூர் நாட்டில் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் பிறந்த மின்சாரம் கோலார் தங்கவயலை எட்டியது. நம் மாநிலத்தில் நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையம் 1932லும், மேட்டூர் மின்நிலையம் 1937லும், பாபநாசம் மின்நிலையம் 1944லும் இயங்கத் தொடங்கின. இம்மூன்றும் நீரை நம்பியவை. மழை பொய்த்த ஆண்டில் அணையில் நீர் குறையும். வயலோடு ஆலையும் வாடும். ஆகவே நீரை மட்டும் நம்பியிருத்தல் தகாது என்று அறிஞர் உணர்ந்தனர். 1957இல் சென்னை மாநில மின்வாரியம் அமைந்தது. 1962இல் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி மின்சாரம் தரத் தொடங்கிற்று. கல்பாக்கத்து அணுமின் நிலையம் 1984இல் அவ்வரிசையில் சேர்ந்தது.

இத்தனை நிலையங்கள் இருந்தும் பற்றாக்குறை நீங்கிவிடவில்லை. நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பதுபோல மின்சாரத்தைப் பேரளவில் கொட்டி வைத்தல் எளிதன்று. ஆக்குவதும் செலவிடுவதும் கணந்தோறும் சமமாக இருத்தல் வேண்டும். செலவு மிகுந்தால், ஒரு விநாடிக்கு 50 முறை என்று வகுத்த மின்னலையின் வேகம் குறையத் தொடங்கும். அது அளவுமீறிக் குறைந்தால் எந்திரங்கள் ஒவ்வொன்றாக விலகிவிடும். நாடே இருளில் ஆழும். அதனைத் தடுக்கச் சில ஊர்களை முறைவைத்து இருளில் விடுகின்றனர். இதுவே மின்வெட்டு.

2008ஆம் ஆண்டு தொடங்கித் தமிழகம் இதனைக் கடுமையாக உணர்ந்தது. 2012இல் சென்னை நகருக்கு வெளியே பல இடங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்சாரம் இல்லாதிருந்தது. தேர்வுக்குப் படித்த மாணவர் மண்ணெண்ணெய் விளக்கையும் மெழுகுவத்தியையும் நாடினர். அதே ஆண்டு ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் வட இந்தியாவில் மின்தொகுப்பே வீழ்ந்து கோடிக்கணக்கான மக்கள் இருளில் தவித்தபோது, நம் தென்னகத் தொகுப்பு அவர்களோடு முழுமையாக இணையாமல் இருந்தமையால் தப்பிற்று. ஆயினும் அந்தத் தனிமையே வடக்கில் மிகுந்த மின்சாரம் தெற்கே வரவும் தடையாக இருந்தது. 2013ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் ராய்ச்சூர்–சோலாப்பூர்க் கம்பித் தொடர் வழியே தென்னகமும் நாட்டின் பொதுத் தொகுப்போடு ஒன்றிற்று. நெடிய மின்வெட்டுகள் பின்னர் மறைந்தன. இன்று நமக்கு எஞ்சியிருப்பவை பெரும்பாலும் சிறு தடைகளே: பராமரிப்புக்காக நிறுத்துதல், காற்றில் மரக்கிளை கம்பியில் விழுதல், மின்மாற்றி பழுதாதல், மாலைநேரத்தில் அழுத்தம் தாழ்தல் முதலியன.

இவ்விடத்தில் ஒன்றைச் சுட்டிக்காட்டுதல் வேண்டும். 2011ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் நம் மாநில அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. மின்வெட்டு மிகுந்த அந்த ஆண்டுகளில், மின்கலத்தைத் தன்னுள்ளேயே கொண்ட கணிப்பொறி மாணவர் கைக்கு வந்து சேர்ந்தது. அதன் உள்ளே இருப்பது லித்தியம் அயனி மின்கலம். 1991இல் அது விற்பனைக்கு வந்தது. அதனை உருவாக்கிய அறிஞர் மூவர் 2019இல் நோபல் பரிசு பெற்றனர். மடிக்கணினி வைத்திருப்பவர் யு.பி.எஸ். ஒன்றைத் தனியே தேட வேண்டியதில்லை. அவர் கையிலேயே அது இருக்கின்றது.

மேசைக் கணிப்பொறியை உடையவர் செய்ய வேண்டுவது என்ன? அவர் முன் மூவகைக் கருவிகள் நிற்கின்றன. அக்காலத்தில் பெரிய கணிப்பொறிகளுக்கு, கனத்த சக்கரம் பூட்டிய மோட்டாரையும் மின்னாக்கியையும் வைத்திருந்தனர். மின்சாரம் நின்றாலும் சக்கரம் சற்று நேரம் சுழலும். அதற்குள் டீசல் எஞ்சின் வேலையை ஏற்கும். 1957இல் தைரிஸ்டர் என்னும் குறைக்கடத்திக் கருவி பிறந்தபின், சுழலும் சக்கரமின்றியே நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்குதல் எளிதாயிற்று. பெட்டியும் வரவரச் சிறியதாயிற்று.

முதல் வகைக்கு ஆஃப்லைன் என்று பெயர். இயல்பு நிலையில் பொது மின்சாரத்தை அப்படியே விடும். அது நின்றதும் மின்கலத்துக்கு மாறும். இம்மாற்றத்துக்குச் சில மில்லி விநாடிகள் ஆகும். கணிப்பொறியின் மின்பகுதி ஏறத்தாழ 16 மில்லி விநாடி வரை தன்னைத் தானே தாங்கிக்கொள்ளுமாறு அமைந்திருப்பதால் இவ்விடைவெளி தீங்கு செய்வதில்லை. இரண்டாம் வகை லைன் இன்டராக்டிவ். அழுத்தம் தாழ்ந்தாலும் உயர்ந்தாலும், மின்கலத்தைச் செலவிடாமலே திருத்திக் கொடுக்கும். மூன்றாம் வகை ஆன்லைன். இதில் மின்சாரம் முதலில் மின்கலத்தை நிரப்பும் வகையில் மாறி, பிறகு மீண்டும் மாறுமின்னோட்டமாகிக் கணிப்பொறியைச் சேரும். இடைவெளியே இல்லை. தொலைபேசி நிலையத்தின் பழைய முறையே இது. மருத்துவமனைக்கும் வங்கியின் பெருங்கணிப்பொறிக்கும் இது தகும். வீட்டு மேசைக்கு இதன் விலையும் வெப்பமும் மிகை. மாலையில் அழுத்தம் ஏறியிறங்கும் எங்கள் ஊர் போன்ற இடங்களுக்கு இரண்டாம் வகையே பொருத்தமானது.

அளவைத் தேர்தல் அடுத்த வேலை. பெட்டியின் மேல் 600 வோல்ட்-ஆம்பியர் என்று எழுதியிருப்பதைக் கண்டு 600 வாட் தரும் என்று எண்ணிவிடாதீர்கள். பலவற்றில் உண்மையாகத் தாங்கும் திறன் அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு, அதாவது 360 வாட் மட்டுமே. வாட் அளவைத் தனியே கேட்டறிதல் நன்று. இத்தகைய பெட்டியில் பொதுவாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்று இருக்கும். பன்னிரண்டை ஏழால் பெருக்கினால் 84 வாட்-மணி. கணிப்பொறியும் திரையும் சேர்ந்து 120 வாட் கொள்ளுமானால், கணக்கின்படி 42 நிமிடம் ஓடவேண்டும். ஆனால் மாற்றும்போது கொஞ்சம் வெப்பமாகக் கழியும். விரைந்து இறைக்கும் கிணறு விரைவில் வற்றுவதுபோல, விரைந்து வெளியேற்றும் மின்கலமும் முழுப்பயன் தராது. ஆகவே இருபது நிமிடம் ஓடினால் நன்றாக ஓடிற்று என்று கொள்ளலாம்.

இருபது நிமிடம் போதுமா? நம் கதையின் மையம் இக்கேள்வியே. சேமித்துவிட்டு முறையாக மூட வேண்டுமானால் ஐந்து நிமிடமே போதும்; சிறு பெட்டி நிறைவாக உதவும். மின்சாரம் இல்லாதபோதும் இரண்டு மூன்று மணி நேரம் வேலை நடந்தாக வேண்டுமானால், பெரிய யு.பி.எஸ். தேடுவது தவறான வழி. வீட்டு இன்வர்ட்டரும் 150 ஆம்பியர்-மணி மின்கலமும் அவ்வேலைக்கு உரியவை. 1,800 வாட்-மணி அதில் அடங்கும். இன்வர்ட்டரில் யு.பி.எஸ். நிலை என்று ஒரு விசை இருந்தால் அதனை இட்டு வைக்க வேண்டும். இல்லையேல் மாற்றத்தின்போது கணிப்பொறி நின்றுபோகலாம். அதன் மின்னலை தூய சைன் அலையாக இருந்தால் சில புதிய கணிப்பொறிகளும் இடரின்றி இயங்கும்.

வாங்கியபின்னரும் கடமை உண்டு. லேசர் அச்சுப் பொறியை யு.பி.எஸ். மீது ஏற்றலாகாது, தாளைச் சூடாக்கும் கணத்தில் அது பெருமளவு மின்சாரம் இழுக்கும். நில இணைப்பில்லாத முனையில் செருகலாகாது. வெப்பம் ஈய மின்கலத்தின் பகை. 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கூறும் விதி. நம் கோடையில் மூலையில் அடைத்து வைத்த பெட்டி இரண்டு மூன்று ஆண்டில் தளர்வதற்குக் காரணம் இதுவே. ஆண்டுக்கு ஒருமுறையேனும் வேலையைச் சேமித்தபின் மின்சாரத்தை நிறுத்தி, எத்தனை நிமிடம் தாங்குகின்றதென்று பார்த்துக் குறித்து வைப்பது நலம். பழைய மின்கலத்தைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் எறிந்துவிடாதீர்கள். ஈயம் மண்ணையும் நீரையும் சிறுவர் மூளையையும் கெடுக்கும் நஞ்சு. 2001ஆம் ஆண்டு விதிகளும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டு விதிகளும், அதனை உரியவரிடம் திரும்ப ஒப்படைக்க வழி வகுத்துள்ளன.

மாணவ நண்பர்களே, இவ்வரலாற்றில் ஒரு பொதுவிதி தெளிவாகத் தோன்றுகின்றது. மழை பொய்க்கும் பருவத்துக்கு ஈடு செய்வது அனல் நிலையம். ஒரு பகுதியின் பற்றாக்குறைக்கு ஈடு செய்வது நாடு தழுவிய மின்தொகுப்பு. சில மணி நேரத்துக்கு ஈடு செய்வது இன்வர்ட்டர். சில நிமிடத்துக்கு ஈடு செய்வது யு.பி.எஸ். ஒவ்வொன்றும் தனக்குரிய கால அளவையே தாங்கும். ஒன்றின் கடமையை மற்றொன்றின் மேல் சுமத்துவோர் பணத்தையும் இழப்பர், பயனையும் இழப்பர். எனவே பொருளை வாங்குமுன், எவ்வளவு இடைவெளியைக் கடக்க வேண்டும் என்று முதலில் அளந்தறிதல் வேண்டும். ஆற்றின் அகலம் அறியாமல் ஓடம் தேடுவார் உண்டோ?

மேலும் ஒன்று. எந்த மின்கலமும் ஒருநாள் கைவிடும். கைவிடாதது நல்ல பழக்கம் ஒன்றே. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதியதைச் சேமித்து வைப்பவர்க்கு மின்தடையால் நேரும் இழப்பு பத்து நிமிட வேலையைத் தாண்டாது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சித்திரத்தை அட்டையில் துளையிட்டு வைத்த பின்னரே தறியில் ஏறினார்கள். நினைவைக் கருவியிடம் மட்டும் விட்டுவிடாமல், அழியாத ஓரிடத்தில் பதித்துவிட்டு மேலே செல்லும் அந்த நெசவு முறையை, கணிப்பொறியின் முன் அமரும் இளைஞரும் கைக்கொள்வாராக.